ஸ்ட்ரிப் லைட்டுக்குப் பல பவர் சப்ளை போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு ரவுனிலிருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை வரைக்கும் இப்போது புது வீடு என்றால் சீலிங்கில் ஸ்ட்ரிப் லைட், அதாவது நாடாபோல் நீளமாக ஒட்டும் எல்.ஈ.டி. லைட், இல்லாமல் இல்லை. கடைப் பெயர்ப்பலகை, கல்யாண மண்டபம், கோயில் பந்தல் எல்லா இடத்திலும் அதுதான். வேலைக்குப் போகும் இடங்களில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஏணியில் நின்றபடி பாதி பாதியாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். பவர் சப்ளை என்று நான் சொல்வது வீட்டு 230 வோல்ட்டை ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய 12 அல்லது 24 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டியை.

12 வோல்ட்தானே, இதில் என்ன ஆபத்து?

12 வோல்ட் உங்களுக்குக் கரண்ட் அடிக்காது, அது உண்மை. ஆனால் வீட்டைக் கொளுத்த அதனால் முடியும்.

சூட்டை உண்டாக்குவது அம்பியர். 5 மீற்றர் நீளமான, மீற்றருக்கு 14.4 வொட் எடுக்கும் ஸ்ட்ரிப் ஒன்று 72 வொட். அதை 12 வோல்ட்டில் ஓட்ட 6 அம்பியர் வேண்டும். அதே 72 வொட் 230 வோல்ட்டில் அரை அம்பியர்கூட இல்லை. ஆக, சீலிங்குக்குள் ஓடும் மெல்லிய சிவப்பு கறுப்பு வயருக்குள்தான் அதிகமான கரண்ட் ஓடுகிறது. இடையில் ஓர் இணைப்பு சரியாகப் பிடிக்காமல் 0.3 ஓம் தடை இருந்தாலே, 5 அம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 7.5 வொட் சூடாக மாறும். ஒரு வீட்டு எல்.ஈ.டி. பல்ப் எடுக்கும் அளவு சக்தி, நெருப்புக்குச்சித் தலையளவு இடத்தில்.

ஒரு வீட்டில் ஒரு பக்க வெளிச்சம் மங்குகிறது என்று கூப்பிட்டார்கள். சீலிங் ஓரத்தில் கையை விட்டு, ஸ்ட்ரிப்பைக் கவ்வும் அந்தச் சிறிய பிளாஸ்டிக் கிளிப்பை வெளியே எடுத்தேன். வெள்ளையாக இருந்த கிளிப் கருப்பட்டி நிறத்துக்கு வந்து, ஒரு பக்கம் உருகி வழிந்து ஸ்ட்ரிப்போடு ஒட்டியிருந்தது. அதன் கீழே மரச்சட்டத்தில் விரல் நுனியளவு கருகிய வட்டம். அப்போதும் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கிளிப்பை நான் நிரந்தர வேலை எதற்கும் பாவிப்பதில்லை. ஈயம் வைத்து ஒட்டி, மேலே சூடுபட்டால் சுருங்கும் குழாய் போட்டு மூடுவேன். நேரம் எடுக்கும், பரவாயில்லை.

ஒரே பெரிய பவர் சப்ளை வாங்கினால் போதாதா? ஏன் மூன்று நான்கு?

கணக்குப் போட்டே பார்ப்போம். ஹோலைச் சுற்றி 18 மீற்றர் ஸ்ட்ரிப், மீற்றருக்கு 14.4 வொட். மொத்தம் 259 வொட். பவர் சப்ளையை அதன் கொள்ளளவின் 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதால் 259ஐ 0.8ஆல் வகுத்தால் 324 வொட். கடையில் 360 வொட், 30 அம்பியர் சப்ளை ஒன்று கிடைக்கும். கணக்குச் சரி, வெளிச்சமும் வரும்.

சிக்கல் வேறு இடத்தில். 30 அம்பியர் கொடுக்கக்கூடிய சப்ளைக்கு 8 அம்பியர் பழுதான கசிவு ஒரு பொருட்டே இல்லை. எங்கோ ஒரு வயர் நசுங்கி, அங்கே 8 அம்பியர் தேவையில்லாமல் ஓடினாலும், இதுவும் லைட்தான் என்று நினைத்துச் சப்ளை தொடர்ந்து ஊட்டும். வயர் சூடாகும், சப்ளை நிற்காது. அதையே 4.5 மீற்றர் வீதம் நான்கு துண்டாக்கினால், ஒவ்வொன்றும் 65 வொட், 5.4 அம்பியர். ஆளுக்கொரு 100 வொட் சப்ளை. அதன் எல்லை 8 அம்பியர் சொச்சம்தான். ஒரு துண்டில் பழுது வந்தால் அந்தச் சப்ளை தன் எல்லையைத் தாண்டியதும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மற்ற மூன்றும் எரியும். எந்தப் பக்கம் பழுது என்று தேடவும் வேண்டாம்.

இன்னொன்று, ஸ்ட்ரிப்பின் செப்புப் பாதையே மிக மெல்லியது. சாதாரண 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீற்றருக்கு மேல் தொடுத்துக்கொண்டே போனால் கடைசிப் பகுதி மங்கும், தொடக்கப் பகுதி சூடேறும்.

இரண்டு சப்ளையின் ப்ளஸ்ஸையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாமா? கூடுதல் பலம் கிடைக்குமே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு சப்ளை ஒரேமாதிரி இருப்பதில்லை. மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள், ஒன்று 12.1 காட்டும், மற்றது 11.9 காட்டும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று முந்தி இழுத்தால் மற்றது சும்மா கூட நடந்துவரும். இங்கேயும் 12.1 வோல்ட் உள்ளதுதான் பாரம் முழுவதையும் இழுக்கும். தன் எல்லைக்கு மேல் போனதும் அது விழும், பிறகு மற்றதன் மேல் முழுப் பாரமும் ஏறும். இரண்டும் மாறி மாறி விழுந்து எழும்புவதைத்தான் லைட் மினுங்குகிறது என்று சொல்கிறீர்கள். அதுமட்டுமில்லை, ஒன்றின் பிளக்கைக் கழற்றிவிட்டு அது செத்துவிட்டது என்று நினைத்து வேலை செய்வீர்கள். மற்றதிலிருந்து அதன் வாய்க்குள் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். பழுது வந்தால் இரண்டு சப்ளையின் அம்பியரும் சேர்ந்து ஒரே இடத்தில் பாயும்.

இணைத்துப் பாவிப்பதற்கென்றே செய்யப்பட்ட சப்ளைகள் இருக்கின்றன, அவற்றின் விபரத்தாளில் அப்படி எழுதியிருக்கும். நம் கடைகளில் வாங்கும் சல்லடை மூடி போட்ட சாதாரண சப்ளை அந்த வகை இல்லை.

ஆகவே ஒரு துண்டுக்கு ஒரு சப்ளை. துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஸ்ட்ரிப்பை அதன் வெட்டுக் குறியில் வெட்டி, இடையில் ஒரு சிறு இடைவெளி விடுங்கள். பார்ப்பவருக்கு லைட் தொடர்ந்து போவதுபோலவே தெரியும்.

மைனஸ்?

ஒரே நிற ஸ்ட்ரிப் என்றால் அதையும் சேர்க்கத் தேவையில்லை. ப்ளஸ், மைனஸ் இரண்டையும் வெட்டித் தனித்தனியாக விடுவதே நல்லது. ஒவ்வொரு பல்ப்பும் தனித்தனியாக நிறம் மாறும் பிக்ஸல் ஸ்ட்ரிப் மட்டும் வேறு. அதில் எந்தப் பல்ப் எந்த நிறம் என்று சொல்லும் டேட்டா வயர் துண்டிலிருந்து துண்டுக்குப் போகிறது. அந்த டேட்டா எதை வைத்து மேல் கீழ் என்று அளப்பது? மைனஸை வைத்துத்தான். அதனால் எல்லாச் சப்ளையின் மைனஸையும் பொதுவாகச் சேர்க்க வேண்டும். அப்போதும் ப்ளஸ் தனித்தனிதான்.

ஒரு துண்டின் இரு முனைக்கும் கரண்ட் கொடுக்கலாமா?

ஒரே சப்ளையிலிருந்து என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், கடைசி மங்குவது நின்றுவிடும். இரு முனைக்கும் இரு வேறு சப்ளை என்றால் அது மேலே சொன்ன அதே பிழை.

சப்ளைகளை எல்லாம் மெயின் போட் பக்கத்தில் ஒரே இடத்தில் வைக்கலாமா?

பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அங்கிருந்து ஸ்ட்ரிப் வரைக்கும் 12 வோல்ட் வயர் இழுக்க வேண்டும். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 மீற்றர் தூரம் என்று வையுங்கள். போக 10, வர 10, மொத்தம் 20 மீற்றர் செம்பு, தடை ஏறக்குறைய 0.35 ஓம். 6 அம்பியர் ஓடினால் 2.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஸ்ட்ரிப்புக்குக் கிடைப்பது 10 வோல்ட்டுக்குக் கிட்ட. 2.5 வயர் போட்டாலும் 0.8 வோல்ட் போகும்.

அதனால் சப்ளையை ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்தில் வைத்து, அதுவரை 230 வோல்ட்டைக் கொண்டுபோவதுதான் என் வழக்கம். 65 வொட் துண்டுக்கு 230 வோல்ட் பக்கத்தில் ஓடுவது 0.3 அம்பியர் சொச்சம், வயர் சூடாகும் பேச்சே இல்லை. ஆனால் அந்த 230 வோல்ட் வேலை குழாய்க்குள், மூடிய பெட்டியுடன், தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரால் செய்யப்பட வேண்டும். வீட்டுக்காரர் தானே செய்ய ஆசைப்பட்டால் 12 வோல்ட் பக்கத்தைச் செய்யட்டும்.

சப்ளை வைக்கும் இடம் கை எட்டக்கூடியதாகவும் காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான நேரத்தில் நம்முடைய சீற்றுக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் தலையை நுழைத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அங்கே நிற்க முடியாது. அந்த வெக்கைக்குள் வைத்த சப்ளை 80 சதவீதம்கூடத் தராது. ரெஜிபோம் அலங்காரத்தின் உள்ளே, துணிமடிப்பின் பின்னே வைக்கவே வேண்டாம்.

ஸ்ட்ரிப்பைச் சுருளில் இருந்தபடியே நீண்ட நேரம் எரியவிட்டுச் சோதிப்பதும் அப்படித்தான். சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் வெந்துவிடும்.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

நீளமான வேலைக்கு 24. அதே வொட்டுக்குக் கரண்ட் பாதியாகிறது. மேலே சொன்ன 10 மீற்றர் வயரில் 2.1க்குப் பதில் 1 வோல்ட் சொச்சம்தான் போகும், அதுவும் 24இல் ஒன்று. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 24 வோல்ட் சப்ளையில் கொடுத்துவிடாதீர்கள், அந்த நிமிடமே எரிந்து போகும். ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் சப்ளை மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சப்ளையின் தகரத்தைத் தொட்டால் சுள் என்கிறது. ஏன்?

ஏர்த் இல்லை. கல்லடிப் பக்கம் ஒரு கடையில், ஈரமான சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றபடி சப்ளையைத் தொட்டேன். எறும்பு கூட்டமாகக் கடித்ததுபோல் இருந்தது. மீற்றர் வைத்துப் பார்த்தபோது தகரத்துக்கும் தரைக்கும் இடையில் 110 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் இதுதான். இந்தச் சப்ளைகளுக்குள் இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரத்துக்கு ஒவ்வொரு சிறிய கொண்டென்சர் வைத்திருப்பார்கள். ஏர்த் கொடுத்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போகும். கொடுக்காவிட்டால் தகரம் 230இன் பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். கசிவு சிறியது என்பதால் சுள்ளோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது உடைந்து லைன் நேராகத் தகரத்தைத் தொட்டால், காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை.

எங்கள் ஊர்களில் இது அதிகமாக நடப்பதற்கு ஒரு பழக்கம் காரணம். 13 அம்பியர் சதுர முனை பிளக் பொயின்ற்றில் மேல் துவாரத்துக்குள் ஒரு குச்சியையோ பேனை மூடியையோ குத்தித் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைச் செருகுகிறார்கள். ஏர்த் முனையே இல்லாத வயர். மூன்று கம்பி வயர் வாங்கி, சரியான 13 அம்பியர் பிளக்கை, 3 அம்பியர் பியூஸ் உள்ளே இருக்க மாட்டுங்கள். சப்ளையில் ஏர்த் குறி உள்ள திருகில் பச்சை மஞ்சள் வயரை இறுக்குங்கள். நான்கு சப்ளை இருந்தால் நான்கிலும்.

வயர் நிறம் எதற்கு எது?

புது வயர்களில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் ஏர்த். பழைய வீடுகளில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். கவனம் வேண்டிய இடம் இது. 12 வோல்ட் பக்கத்திலும் சிவப்பு கறுப்பு வயர்தான் ஓடுகிறது. பழைய வீட்டுச் சீலிங்குக்குள் சிவப்பும் கறுப்பும் கையில் வந்தால் அது எந்தப் பக்கம் என்று மீற்றர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

சப்ளையின் பக்கவாட்டில் 110, 220 என்று ஒரு சிறு சுவிட்ச் இருந்தால், கரண்ட் கொடுக்க முன் அது 220இல் நிற்கிறதா என்று பாருங்கள். 110இல் விட்டுக் கொடுத்தால் வெடிச்சத்தம்தான் கேட்கும்.

பியூஸ் வேண்டுமா?

ஒவ்வொரு துண்டுக்கும் வேண்டும். ப்ளஸ் வயரில், சப்ளையை விட்டு வெளியே வந்த உடனேயே. வாகனங்களுக்குப் போடும் தட்டைப் பியூஸும் அதன் ஹோல்டரும் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். 5 அம்பியர் சொச்சம் எடுக்கும் துண்டுக்கு 7.5 அம்பியர் போதும். பியூஸ் எரிந்தால் ஏன் எரிந்தது என்று தேடுங்கள். 20 போட்டால் எரியாது என்று ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார். எரியாது, வயர்தான் எரியும்.

எல்லாச் சப்ளையையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுகிறது. ஆனால் கணக்குப்படி கரண்ட் குறைவுதானே?

ஓடும்போது குறைவுதான். போட்ட அந்தக் கணத்தில் ஒவ்வொரு சப்ளையும் தன் கொண்டென்சரை நிரப்ப, கண் இமைக்கும் நேரத்துக்குப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நாலைந்து சேர்ந்து இழுத்தால், எங்கோ பழுது என்று நினைத்துப் பிரேக்கர் விழுந்துவிடும். இரண்டு இரண்டாகப் பிரித்துத் தனிச் சுவிட்ச் போடலாம், அல்லது அந்த வழிக்கு, தொடக்க இழுப்பைக் கூடுதலாகத் தாங்கும் சி வகைப் பிரேக்கர் பொருத்தமா என்று மின்னியலாளரிடம் கேளுங்கள்.

கரண்ட் ஏர்த்துக்குக் கசிந்தால் நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்ச் விழுவது வேறு கதை. வீட்டு ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லி அம்பியர், 15ஐத் தாண்டினாலே விழலாம். ஒவ்வொரு சப்ளையும் சிறிதளவு, அநேகமாக ஒரு மில்லி அம்பியருக்குள், ஏர்த்துக்குக் கசியவிடும். நான்கு சப்ளையால் விழாது. விழுந்தால் எங்கோ ஈரம் அல்லது நசுங்கிய வயர். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்துத் தருமாறு யார் கேட்டாலும் நான் செய்வதில்லை, நீங்களும் யாரையும் செய்யவிடாதீர்கள்.

மல்டி பிளக்கில் ஐந்தையும் மாட்டலாமா?

ஐந்து 100 வொட் சப்ளைக்கு மொத்தம் 3 அம்பியருக்குள்தான், பாரம் பிரச்சினை இல்லை. மலிவான மல்டி பிளக்கின் உள் தகடு தளர்ந்து பொறி பறப்பதுதான் பிரச்சினை. ஓரிரவுக்குப் பரவாயில்லை. சீலிங்குக்குள் நிரந்தரமாக வேண்டாம்.

கடற்கரைப் பக்க வீடு, வெளிச் சுவரில் போட வேண்டும். எது வாங்குவது?

ஸ்ட்ரிப்பில் ஐ.பி. 67 என்று எழுதியது, குழாய்க்குள் இருக்கும் வகை. ஐ.பி. எண் என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான குறி. மேலே மட்டும் பசை பூசிய 65 வகை மழைச்சாரலுக்கு ஓரளவு தாங்கும். சல்லடை மூடிச் சப்ளையை வெளியே வைக்கவே கூடாது. முழுதும் அடைத்த அலுமினிய உடல் சப்ளை வாங்குங்கள், அல்லது சாதாரணச் சப்ளையை உள்ளே வைத்து வயரை மட்டும் வெளியே விடுங்கள். பாசிக்குடாவிலிருந்து பொத்துவில் வரை நம் கரையோரம் முழுக்க உப்புக் காற்று. வெட்டிய முனையை மூடாமல் விட்டால் ஒரு மாரி போவதற்குள் செம்பு பச்சை பூத்துவிடும்.

மூடுவதற்கு சிலிக்கன் வாங்கும்போது மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அது இதற்கு உதவாது. காயும்போது வெளிவரும் அமிலமே செம்பை அரிக்கும். மணமில்லாத, நியூட்ரல் என்று எழுதிய சிலிக்கனைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் நானே பல முனைகளைக் கெடுத்திருக்கிறேன்.

சப்ளையைத் தரையோடு வைக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் வாவி நிரம்பி முற்றத்துக்கு வரும் ஊர்களில் இடுப்புக்கு மேலேதான் எதுவும் இருக்க வேண்டும்.

திருவிழாப் பந்தலுக்கு சப்ளையே இல்லாத 230 வோல்ட் ஸ்ட்ரிப் மலிவாகக் கிடைக்கிறதே?

அந்த ஸ்ட்ரிப்பின் முழு நீளத்திலும் 230 வோல்ட் ஓடுகிறது. முனை மூடி கழன்றால், பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில், மழை ஈரத்தில், என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பத்தில் சுற்றினால் தோல் உரிந்த ஓர் இடம் போதும், கம்பம் முழுக்கக் கரண்ட். கை எட்டும் இடங்களிலும் இரும்புச் சட்டங்களிலும் 12, 24 வோல்ட் மட்டும் போடுங்கள். 230 வோல்ட் ஸ்ட்ரிப் போட்டே ஆக வேண்டுமென்றால் உயரத்தில், காய்ந்த மரத்தில், ட்ரிப் சுவிட்ச் வழியாக. ஜெனரேட்டரில் ஓட்டும்போது வீட்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் உங்களுக்குக் காவல் இல்லை. ஜெனரேட்டருக்கென்று ஏர்த்தும் ட்ரிப்பும் வைத்து அது வேலை செய்கிறதா என்று தெரிந்தவர் சோதிக்க வேண்டும்.

மூன்று நிறம் மாறும் ஸ்ட்ரிப், ரிமோட் ஒன்று, துண்டு நான்கு. எப்படி?

கொன்ட்ரோலர் முதல் துண்டுக்கு. மற்ற ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும், முன் துண்டின் நிற மாற்றத்தை அப்படியே அடுத்த துண்டுக்குக் கொடுக்கும் ஓர் அம்ப்ளிபயர், அதற்குத் தன் சொந்தச் சப்ளை. முன் துண்டின் முனை அம்ப்ளிபயரின் உள்வாய்க்குச் செல்லும், அடுத்த துண்டு வெளிவாயிலிருந்து வரும். இரண்டு துண்டையும் நேராகத் தொடுக்கக் கூடாது. வெளிச்சம் குறைக்கும் கருவியும் 12 வோல்ட் பக்கத்தில்தான். காற்றாடி ரெகுலேட்டரைச் சப்ளைக்கு முன்னால் போடுவது சப்ளையைக் கொல்லும்.

வேலை முடிந்தது. எதைச் சோதிப்பது?

முதலில் எல்லாத் துண்டையும் முழு வெளிச்சத்தில் போட்டு, ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் மல்டிமீற்றரை வையுங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் 11க்குக் கீழே போனால் வயரைத் தடிப்பாக்குங்கள் அல்லது மறுமுனைக்கும் அதே சப்ளையிலிருந்து கொடுங்கள். பிறகு ஒவ்வொரு சப்ளையாக நிறுத்திப் பாருங்கள். ஒன்றை நிறுத்தினால் அதற்குரிய துண்டு மட்டும் அணைய வேண்டும். அணையாமல் மங்கலாக எரிந்தால் எங்கோ இரண்டு ப்ளஸ் சேர்ந்திருக்கிறது.

அரை மணித்தியாலம் எரியவிட்டு, மெயினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அந்த இணைப்பைத் திரும்பச் செய்யுங்கள். திருகில் மாட்டும் வயர் முனைக்கு ஈயம் வைக்காதீர்கள், நாளாக நாளாக அது அமுங்கித் திருகு தளரும். முனைக்குச் செப்புக் குழாய் போட்டு நசுக்கி மாட்டுங்கள். ஒரு மாதம் கழித்து, மெயினை நிறுத்திவிட்டு, அந்தத் திருகுகளை மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். பாதியாவது கால் சுற்று உள்ளே போகும்.